‘கணவாய் திறந்திருக்கா?’ என்றொரு கட்டம்

நாரின் என்கிற மலையூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வேன்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், தகரக் கூரை போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. பகலில் அங்கே உட்கார்ந்து போன் எடுப்பவள் அசில்கான். ஊரில் யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. ‘அஸிர் எஜே’ என்றுதான் சொல்வார்கள். எஜே என்றால் அக்கா. அஸிர் என்றால் ‘இதோ, இப்பவே’. எங்கள் பக்கத்தில் ஒருவர் ‘அஸிர்’ என்றால் அது ஒரு நிமிஷமாகவும் இருக்கலாம், ஒரு மத்தியானமாகவும் இருக்கலாம். அசில்கான் சொன்னால் அது மத்தியானம்தான்.

சோம்பேறி என்று அவளைச் சொல்ல முடியாது. பல வருஷம் பாலர் பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள். அடி பிடிக்காமல் பால்கஞ்சி காய்ச்சத் தெரிந்தவளுக்கு அவசரம் எப்படி வரும்? நின்று நின்று முழங்கால் போனபிறகு, வேன்களின் முதலாளி துய்ஷென் இந்த நாற்காலி வேலையைக் கொடுத்தார். “உக்காந்துக்கிட்டே செய்யலாம் அசில்கான். போன் வரும், பதில் சொல்லணும், அவ்வளவுதான்,” என்றார். கம்ப்யூட்டர் ஒன்று மேஜையில் இருப்பதை அவர் சொல்லவில்லை.

வருகிற போன்களில் முக்கால்வாசிக்கு ஒரே கேள்வி: டொலோன் கணவாய் திறந்திருக்கிறதா? தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகிறவர்கள் அந்த மலையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மலையுச்சியில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் தன் கடை வாசலில் கேமரா ஒன்றை மாட்டி, பாதை எப்படி இருக்கிறது என்று இணையத்தில் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் அதைத் திறப்பதற்குள் அசில்கானுக்கு நாக்கு தள்ளிவிடும். புது டேப் ஒன்றைத் திறப்பாள். முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவாள். முடித்து நிமிர்ந்தால் விசைப்பலகை ரஷ்ய எழுத்தில் இருந்திருக்கும்; திரையில் பேய் எழுதியதுபோல ஏதோ கிடக்கும். அழித்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

அதைவிட மோசம், அந்தப் புது டேப்பே ஒரு சந்தைக்கடை. தேடும் பெட்டிக்குக் கீழே செய்திகள் கொட்டிக் கிடக்கும். எந்த நடிகை யாரை விட்டுப் பிரிந்தாள், வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கும் விதை எது, மாஸ்கோவில் இன்று மழையா. அசில்கானின் கண் அங்கே போய்விடும். போன்காரர் காதில் காத்திருப்பார். “அஸிர், அஸிர்,” என்று சொல்லிக்கொண்டே இவள் நடிகையின் இரண்டாம் கல்யாணத்தைப் படித்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே ஓடியிருக்கும், தம்பி சாத்திபால்தியின் ஆடு மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

சாத்திபால்தியின் மகளுக்குக் கொச்கோரில் கல்யாணம். கொச்கோர் மலைக்கு அந்தப் பக்கம். வீட்டார் எல்லாரும் முன்னாடியே போய்விட்டார்கள். வேலை முடித்து மறுநாள் விடியற்காலையில் கிளம்புவதாக அசில்கான் சொல்லியிருந்தாள். சம்பந்திக்குக் கொடுக்க வேண்டிய கொழுத்த ஆட்டைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தம்பி கடைசியாகப் புறப்பட்டான். புறப்படும்போது அக்காவுக்குப் போன் போட்டான்.

“எஜே, நான்தான். கணவாய் எப்படி இருக்கு?”

“அஸிர் தம்பி, பாத்துச் சொல்றேன்.”

புது டேப்பைத் திறந்தாள். ‘இந்தப் பழத்தை வெறும் வயிற்றில் தொடாதீர்கள்’ என்றது திரை. எந்தப் பழம் என்று தெரிந்துகொள்ளாமல் யாரால் இருக்க முடியும்? பேரிக்காய். அட, காலையில்தான் தின்றோமே என்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் சாத்திபால்தி, ‘ஏதாவது இருந்தா அக்கா சொல்லியிருப்பாளே’ என்று போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டான்.

மலைமேல் பனிச்சரிவு. முன்னே லாரிகள், பின்னே லாரிகள். ராத்திரி முழுக்கக் காருக்குள் அவனும் ஆடும். கல்யாணத்துக்கென்று பொரித்துக் கட்டியிருந்த ஒரு மூட்டை போர்சோக் ரொட்டியில் பாதியை ஆடு தின்றது, மீதியை அவன் தின்றான். பாதை சீரானதும் அசில்கான் வந்த வேன் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் கார் எஞ்சின் உறைந்து நடுவழியில் நின்றுபோனது. அவன் கொச்கோர் போய்ச் சேர்ந்தபோது பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் கடன் வாங்கிய ஆட்டைச் சமைத்து விருந்து போட்டிருந்தார்கள்.

பந்தியில் அசில்கானைப் பார்த்ததும் நாத்தனார் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “வாங்க அஸிர் எஜே! உங்ககிட்ட வழி கேட்ட ஆடு இப்பத்தான் வந்து சேருது.”

கல்யாணக் கூடாரமே சிரித்தது. அசில்கானும் சிரித்தாள். ஆனால் சாத்திபால்தி சிரிக்கவில்லை. உதடு வெடித்து, கண் சிவந்து, மகள் கிளம்பியதைப் பார்க்கமுடியாத தகப்பனாக வாசலோரம் நின்றிருந்தான். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, இரவு முறைக்கு வரும் ஷாயிர்பெக்கிடம் கேட்டாள். ஷாயிர்பெக் அவளைவிட மூத்தவர், அதனால் அவளுக்கு ‘பைகே’, அதாவது அண்ணன்; பழைய டிரைவர், கண் மங்கியதால் வண்டியை விட்டவர்.

“பைகே, இந்தப் பக்கத்துல வர்ற குப்பையை நிறுத்த முடியாதா?”

“அதுல கைவைக்காத. அது கம்ப்யூட்டரோட சேர்ந்து வர்றது. பிடுங்கினா மொத்தமும் நின்னுடும்,” என்றார் அவர், வயிற்றுக்குள்ளிருந்து குடலை எடுக்கச் சொன்ன மாதிரி.

போன் ஓய்ந்த ஒரு மத்தியானம் அசில்கான் தனியாக அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் செய்தியைத்தான் பார்த்திருக்கிறாள், பக்கத்தைப் பார்த்ததில்லை. வலது கீழ் மூலையில் குட்டியாக ஒரு பென்சில் படம். பயந்துகொண்டே அழுத்தினாள். பக்கவாட்டில் ஒரு பட்டை விரிந்தது. நிறம் மாற்றலாம், படம் மாற்றலாம், எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று வரிசையாக இருந்தது. செய்திகளுக்கு எதிரே இருந்த பொத்தானை அணைத்தாள்.

திரை வெறிச்சென்றானது. தேடும் பெட்டி ஒன்று மட்டும் நடுவே நின்றது. ‘போச்சு, உடைச்சிட்டேன்’ என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். மூடித் திறந்தாள். அதே வெறுமை. மெதுவாக அவளுக்கு அது பிடித்துப்போனது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த அடுப்படி மேடை மாதிரி இருந்தது.

அடுப்படி என்று நினைத்ததும் அவளுக்கு மீதி வழி தெரிந்துவிட்டது. பாலர் பள்ளியில் உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று அவள் ஒருநாளும் தேடியதில்லை. எது அடிக்கடி வேண்டுமோ அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பெட்டிக்குக் கீழே ஒரு கூட்டல் குறி இருந்தது. அழுத்தினால் ஒரு பெயர் கேட்டது, ஒரு முகவரி கேட்டது. கேமராவின் முகவரியை, இந்த முறை விசைப்பலகையைச் சரிபார்த்துவிட்டு, ஒரே ஒருமுறை தட்டினாள். பெயர் என்ன வைப்பது? அந்தத் தளத்துக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. அதெல்லாம் வேண்டாம் என்று, ஜனங்கள் கேட்கிற மாதிரியே வைத்தாள்: ‘கணவாய் திறந்திருக்கா?’ அந்தப் பெயரோடு ஒரு சின்னக் கட்டம் பெட்டிக்குக் கீழே வந்து நின்றது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ‘மேல குளிரா?’ என்றால் வானிலை. ‘வேன்ல இடம் இருக்கா?’ என்றால் துய்ஷென் தன் வண்டிகளுக்கு வைத்திருந்த பக்கம். ‘அங்கேயிருந்து ரயில் எப்போ?’ என்று பிஷ்கெக் ரயிலைக் கேட்பவர்கள் கொஞ்சம், அது கடைசியில். போனில் கேள்வி காதில் விழுந்ததும் அதே வார்த்தை திரையில் கண்ணில் படும், கை அங்கே போய்விடும்.

மறுநாள் முதல் போன்காரர் பாவம், வழக்கம்போலக் காத்திருக்கத் தயாராக டீயைக் கையில் எடுத்திருக்க வேண்டும். “திறந்திருக்கு. லேசா ஈரம். சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டாம்,” என்றாள் அசில்கான்.

“அஸிர் எஜே இல்லியா இன்னிக்கு?” என்றது குரல்.

“நான்தான்பா.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா எஜே?”

சாயங்காலம் ஷாயிர்பெக் வந்து உட்கார்ந்தார். புது டேப்பைத் திறந்தார். இடி விழுந்தவர் மாதிரி எழுந்தார்.

“என் ஆட்டம் எங்க?”

“எந்த ஆட்டம் பைகே?”

“கோக்-போரு!” என்றார். குதிரைமேல் இருந்தபடியே ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் விளையாட்டு அது. “தினம் இதுலதான் வரும். நேத்து எங்க தலாஸ்காரன் குதிரைமேல இருந்து ஆட்டைப் பறிச்சானா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“போன்ல கணவாயைப் பத்திக் கேப்பாங்களா, தலாஸ்காரனைப் பத்திக் கேப்பாங்களா?”

“கணவாயைக் கேமராவுலயா பாப்பாங்க? காத்தை மோந்து பாத்தா தெரியாதா? அந்த மலையில முப்பது வருஷம் ஓட்டினவன் நான்.”

“மோந்து பாத்ததைப் போன்ல எப்படி அனுப்புவீங்க?”

அவர் வேலையைக் காட்டினார். காலையில் அசில்கான் வந்தால் செய்திகள் மறுபடி கொட்டிக் கிடந்தன. அவள் மறைத்தாள். மறுநாள் அவள் கட்டங்களை நீக்கிவிட்டுக் கோக்-போரு பக்கத்தையும் பழைய கார் விற்கும் பக்கத்தையும் வைத்திருந்தார். அவள் திரும்ப வைத்தாள். எத்தனையோ நாள் இந்த யுத்தம் நடந்தது. முறை மாறும்போது இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்து வருபவருக்காகக் கெண்டியில் மிச்சம் வைக்கும் டீயை மட்டும் இருவரும் நிறுத்தவில்லை. கோபத்தில்கூட ஒரு நியாயம் வேண்டுமில்லையா.

மே மாதம். கீழே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. முறை மாறும் சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது. ஷாயிர்பெக் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று; அசில்கான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் மெலிஸ் என்கிற டிரைவர் வேனில் ஆள் ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தினான். கைக்குழந்தையோடு ஒரு பெண், இரண்டு கிழவர்கள், காலேஜ் பெண்கள் சிலர்.

தலாஸ்காரனைப் பார்க்க அவசரத்தில் புது டேப்பைத் திறந்த ஷாயிர்பெக், தன் கட்டம் இருந்த இடத்தில் அழுத்தினார். அன்று காலைதான் அசில்கான் இடம் மாற்றியிருந்தாள். விரிந்தது கேமரா.

திரை முழுக்க வெள்ளை. அவர் முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். “அசில்கான், இது என்ன, கெட்டுப்போச்சா?”

அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக்குள்ளே டீக்கடையின் பெயர்ப்பலகை ஒரு கணம் தெரிந்து, மறுபடி மறைந்தது. “கெடல பைகே. அடிச்சுக் கொட்டுது.”

அவள் கோட்டின் இரண்டாவது கையைப் போடுவதற்குள் ஷாயிர்பெக் வெளியே இருந்தார். வீட்டுச்செருப்போடு ஓடிப்போய், நகர ஆரம்பித்த வேனின் முன்பக்கத்தைக் கையால் அடித்தார். மெலிஸ் கண்ணாடியை இறக்கினான்.

“என்ன பைகே, பைத்தியமா? வெயில் அடிக்குது!”

“மேல கண்ணே தெரியல. எஞ்சினை அணை.”

“காத்தை மோந்து பாத்தீங்களா?” என்று மெலிஸ் கிண்டலடித்தான்.

“கேமராவுல பாத்தேன்டா. எஜே கேமரா. அணைன்னா அணை.”

மெலிஸ் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். பயணிகளும் இறங்கினார்கள். ஒரு கிழவர் முதலாளியிடம் புகார் செய்வேன் என்றார். அசில்கான் கோட்டைக் கழற்றிவிட்டு டீ போட்டாள். குழந்தைக்காரிக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கணவாய் அடைபட்ட செய்தி வந்தது. எதிர்ப்பக்கமிருந்து கிளம்பிய வண்டிகள் சில மேலே மாட்டிக்கொண்டன. ஆட்களைக் கீழே கொண்டுவர மறுநாள் ஆனது. ஒருவருக்குக் கால்விரல்கள் உறைந்துபோயின. மெலிஸ் வேனில் ஏறியிருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் சொந்தக்காரர் வீட்டில் தூங்கி எழுந்து போனார்கள்.

காலையில் அசில்கான் வந்தபோது கட்டங்கள் எல்லாம் அவள் வைத்தபடி இருந்தன. கடைசி மூலையில் ரயிலுக்கும் பின்னால் புதிதாக ஒன்று: ‘தலாஸ்காரன் ஜெயிச்சானா?’ அவள் பாணியிலேயே கேள்வியாக. அதை அவள் நீக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும், “ஜெயிச்சுட்டான் பைகே,” என்றாள்.

“ஏன் சொன்ன? நானே பாத்துக்க மாட்டேனா?” என்று எரிந்து விழுந்தார்.

தம்பி வீட்டுக்கு அந்தக் கோடையில் போனாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துப் போனவளுக்கு, சாத்திபால்தியே பேச்சை எடுத்தான். பொண்ணு போன் பண்ணினாள், மசக்கை என்றான். அக்கா தட்டில் இறைச்சியின் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தான். அவள் அதைத் தின்றாள்.

இலையுதிர் காலத்தில் துய்ஷென் கொச்கோரில் ஒரு கிளை திறந்தார். “உன் பக்கம் இருக்கே அசில்கான், அதை அப்படியே அங்கேயும் போட்டுக் குடுத்துட்டு வா,” என்று அனுப்பினார். அங்கே போன் எடுக்க இருந்தவள் கலீச்சா, அறுபது வயது, வாய்க்குப் பூட்டில்லாதவள்.

“நாரின்காரி வந்து எனக்கு அடுப்பு மூட்டிக் காட்டப்போறாளாக்கும்,” என்றாள் வந்ததும்.

அசில்கான் அதே கட்டங்களை அதே வரிசையில் வைத்துக் கொடுத்தாள். போன் வந்தது. கணவாயைப் பற்றி இல்லை; சந்தைக்கு ஆடு ஏற்றுவீர்களா என்று ஒருவர். அடுத்ததும் ஆடு. அதற்கடுத்தது ஏரிக்குப் போகக் குதிரை கிடைக்குமா என்று ஒரு வெளியூர்க்காரி. கலீச்சா கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

அசில்கான் வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன, முடிஞ்சுதா?” என்றாள் கலீச்சா.

“இல்ல எஜே. நீங்க போன் எடுங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

சாயங்காலம்வரை கேட்டாள். பிறகு இருவருமாக உட்கார்ந்து கட்டங்களை வைத்தார்கள். லாரிக்காரர்கள் தங்கள் வண்டி காலியாக இருப்பதை எழுதிவைக்கும் பக்கம் முதலில் வந்தது. அதற்கு ‘ஆடு ஏத்துவீங்களா?’ என்று பெயர். கட்டங்களுக்குப் பின்னால் என்ன படம் போடலாம் என்று பட்டையைக் காட்டியபோது மலை, கடல், பூ எதுவுமே கலீச்சாவுக்குப் பிடிக்கவில்லை. தன் போனில் இருந்த பசுமாட்டின் போட்டோவை எடுத்து நீட்டினாள்.

“இதைப் போடு. காலையில இருந்து கத்துறவங்க நடுவுல இவ ஒருத்தியாவது சும்மா நிக்கட்டும்.”

மாடு திரை முழுக்க வந்து நின்றது. தேடும் பெட்டி சரியாக அதன் கண்ணை மறைத்தது. படத்தைக் கொஞ்சம் வெட்டி மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று அசில்கான் முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.