ஆறாவது ஆள்

எந்த ஓட்டக்காரனைக் கேட்டாலும் ஒரு நேரம் சொல்வான். இத்தனை மணி, இத்தனை நிமிஷம். கூடவே ஒரு சாக்கும் சொல்வான். வயிற்றில் குத்து வந்துவிட்டது, வெயில் ஏறிவிட்டது, இல்லாவிட்டால் இன்னும் குறைத்திருப்பேன் என்பான். நானும் அதே ரகம்தான். எனக்கும் சொல்லிக்கொள்ள ஒரு நேரம் உண்டு. ஆனால் அவனைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் அதில் எனக்கு எரிச்சல்தான்.

அவனும் நானும் இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே நாளில்தான் பால் வெட்டப் போனோம். அவனுக்கு மேல் மலை, எனக்குக் கீழ் மலை. பால் வெட்டில் ஒரு சங்கதி உண்டு. மரத்தை வெட்டியதும் பால் வாளிக்கு வந்துவிடாது. சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்கும். கடைசி மரத்தையும் வெட்டிவிட்டு, சொட்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டு மரத்தடியில் சாய்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஓடுவோம்.

"பைத்தியம் புடிச்சிருச்சு ரெண்டுக்கும்," என்பார் கணக்குப்பிள்ளை. ஆனால் தடுக்கவில்லை. மழை வந்தால் நாங்கள்தான் முதலில் மரத்தடியில் நிற்போம் என்று அவருக்குத் தெரியும். சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் போச்சு, அன்றையக் கூலியும் போச்சு. எதிர் மலையில் மழை இரையும் சத்தம் கேட்டால், எங்கே நின்றாலும் திரும்பி ஒரே ஓட்டம். மழைக்கு முன்னால் மலைக்கு வந்து சேர வேண்டும். எங்களுக்கு வேறு பயிற்சியாளர் யாரும் இருக்கவில்லை.

தை பிறந்தால் ரப்பர் மரங்கள் சிவந்து இலை கொட்டும். அந்த ஒன்றிரண்டு மாதம் பால் குறைவு, எங்களுக்கு நேரம் அதிகம். கீழே களனி கங்கையிலிருந்து பனி ஏறி வந்து மரங்களின் இடுப்பு வரைக்கும் நிற்கும். காலடியில் இலை, தலைக்கு மேலும் இலை. வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். கொஞ்ச நேரம் ஓடினால் நாம் ஓடுகிறோமா, மரங்கள் நம்மைத் தாண்டிப் போகின்றனவா என்று தெரியாது. அவன் எப்போதும் என் இடது பக்கம். பேச மாட்டோம். எவ்வளவு தூரம் போனோம் என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. கண் விழிப்பது போலத்தான் நிற்போம். இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராவிட்டால் அந்தச் சிவப்புக்குள் போய்விடுவேன்.

மாவுக்கும் அரிசிக்கும் கியூவில் நின்ற காலம் அது. ஓட்டத்துக்கு முன் அவித்த மரவள்ளி, ஓட்டத்துக்குப் பின் பால் விடாத சாயத்தண்ணி. எங்கள் ஊட்டச்சத்து அவ்வளவுதான். கைக்கடிகாரம் டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடை வாசலில் புறப்பட்டு, தோட்டத்து மேல் டிவிஷன் திருப்பம் வரை போய்த் திரும்பி ஓடி வருவோம். அவர் கடிகாரத்தை அல்ல, எங்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

"இதுதானா ஓட்டம்? எங்கட உம்மா நடந்து வந்தாலும் இதவிட வெள்ளன வந்திருப்பா."

சொல்லிவிட்டு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார். நேரத்தையும் சொல்வார். எப்போதும் அவன் என்னைவிடக் கொஞ்சம் பின்தான். சொல்லப்போனால் ஒரு நாளும் அவன் என்னை முந்தியதில்லை. அதை நான் ஞாபகம் வைத்திருந்தேன்.

எங்களுக்கு மரதன் ஓட்டம் என்றால் சித்திரை வருஷப்பிறப்புக்கு டவுன் மைதானத்தில் நடக்கும் போட்டிதான். உண்மையான மரதன் இருபத்தாறு மைல் என்று பின்னால்தான் தெரிந்தது. டவுனிலிருந்து மேல் டிவிஷன் வரை போய், திருப்பத்தில் நிற்கிறவர் கையில் மாட்டிவிடும் ரப்பர் வளையத்தோடு திரும்பி வர வேண்டும். அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் ஆறு பேர் மாவட்டப் போட்டிக்குக் கேகாலைக்குப் போகலாம். கேகாலையில் குறித்த நேரத்துக்குள் வந்தவர்கள் கொழும்புத் தெரிவுக்குப் போகலாம். கொழும்பில் நன்றாக ஓடினால் அரசாங்கத்தில் ஏதாவது ஒரு இலாகா தன் அணிக்கு ஓடுவதற்கென்றே வேலை கொடுத்துக் கூட்டிக்கொள்ளும் என்று நானா சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. பால் வாளியை இறக்கிவைத்துவிட்டு மலையிலிருந்து போய்விடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அப்போது ஒவ்வொரு குடும்பமும் குடியுரிமை கேட்டு இலங்கைக்கோ இந்தியாவுக்கோ மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. எங்கள் அப்பா இலங்கைக்குப் போட்டார். அவன் அப்பா இந்தியாவுக்குப் போட்டுவிட்டு, பதில் வருமுன் செத்துப்போனார். அந்த வருஷம் பங்குனியில் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வைகாசி முடிவதற்குள் கப்பலேற வேண்டும். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இவன் போகிறவன். இவனுக்கு இது சும்மா ஓட்டம். எனக்குத்தான் வாழ்க்கை.

போட்டியன்று டவுனுக்குள் திரும்பும்போது நான் ஆறாவது. எண்ணிக்கொண்டே வந்தேன், சந்தேகமில்லை. அவன் எனக்குப் பின்னால் வந்தான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் மைதானம். அங்கேதான் இடது பக்கம் அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. கூட ஓடி வருகிறான், நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனான்.

எனக்குக் கால் ஓடவில்லை. ஏழாவதாக வந்தேன்.

மைதான ஓரத்து மரத்தில் மலையைப் பார்த்து லவுட்ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பகல் காற்று மேல் நோக்கித்தான் வீசும். அதில் சொல்வதெல்லாம் எங்கள் லயம் வரைக்கும் கேட்கும். ஆறு பேரின் பெயரையும், ஊரையும் சொன்னார்கள். கடைசியாக அவன் பெயர், அவன் அப்பா பெயர், எங்கள் தோட்டத்தின் பெயர். ஏழாவது ஆளிலிருந்து யாருக்கும் மைக் இல்லை.

நான் அவனை நானா கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"நீ போகப்போறவன்டா! ஒனக்கு எதுக்குடா கேகாலை? எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா, பாவி!"

அவன் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "கேகாலைக்கா ஓடுனேன்? மைக்குக்கு ஓடுனேன் மச்சான்."

"என்ன மைக்கு?"

"எங்கப்பா இந்த மலையிலயே பொறந்து இந்த மலையிலயே செத்தாரு. ஒருத்தன் அவரு பேர ஒரு எடத்துல சத்தமா சொன்னதில்ல. நாளைக்கி நாங்க போயிட்டா இங்க இருந்தோம்னே ஒரு நாய்க்கும் தெரியாது. அம்மா வாசல்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கும். கேட்டிருக்கும்ல மச்சான்?"

காற்று எந்தப் பக்கம் வீசியது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவ்வளவு ஆத்திரம். அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். பாலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவன் மேல் மலையிலும் நான் கீழ் மலையிலும் தனித்தனியாக ஓடினோம். சில நாள் மரங்களுக்கு நடுவே அவன் சட்டை வெள்ளையாகத் தெரியும், மறையும்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு சாயந்தரம் அந்த இடைவெளியால் அவன் குரல் வந்தது.

"மச்சான், போட்டிக் கமிட்டி மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். நான் இருக்க மாட்டேன், ஏழாவது ஆள அனுப்புங்கன்னு. சரின்னுட்டாரு. கேகாலைக்கு நீ போற."

எங்கள் அம்மாதான் அடுப்படியிலிருந்து கத்தினாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? பதில் சொல்லேன்டா!"

"சரி," என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்தான்.

அவர்கள் புறப்பட்ட நாளில் தகரப் பெட்டியை நான்தான் தலையில் வைத்து ரோட்டுக்கு இறக்கினேன். அவன் அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பஸ் வந்தது.

"கேகாலையில எவ்வளவு நேரம்னு எழுதிப் போடு," என்றான்.

"போடுறேன், போடுறேன். ஏறு மொதல்ல."

பஸ் வளைவில் திரும்பியதும் நடுரோட்டில் நின்று அழுதேன். கோபத்தில்தான் அழுதேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

கேகாலையில் காலையில் மழை விட்டிருந்தது. பன்னிரண்டு மைல், ஒன்றேகால் மணிக்குள் வர வேண்டும். எல்லா ஊர்ப் பையன்களும் நின்றார்கள், பாதிப் பேர் காலில் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். போட்டி நடத்துகிற சிங்கள மாத்தையா ஒருவர் கையில் கடதாசியோடு பெயர்களைக் கூப்பிட்டு நம்பர் கொடுத்தார். யட்டியாந்தோட்டை என்றார். ஐந்து பேர் போனார்கள். ஆறாவதாக அவன் பெயரைக் கூப்பிட்டார். இன்னொரு தரமும் கூப்பிட்டார். என் பெயர் வரவே இல்லை. கமிட்டி மாஸ்டர் மறந்துவிட்டாரோ, அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லையோ, யார் கண்டது.

நான் முன்னால் போய்ச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கடதாசியைப் பார்த்தார், என் வெறுங்காலைப் பார்த்தார். ஓட்டம் தொடங்கப் போகிறது, விசில்காரர் கத்துகிறார். "இந்தப் பெயர்தான் இருக்கிறது. இது நீயா இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லு," என்றார் சிங்களத்தில்.

ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது? இல்லை என்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்தான் என்றேன். அவன் நம்பரை என் பனியனில் குத்தினார்கள். "ஹரி, துவன்ன, துவன்ன," என்று முதுகில் தட்டி ஓட விட்டார் அவர்.

முதல் இரண்டு மைலும் அவனைத் திட்டிக்கொண்டே ஓடினேன். ஊரை விட்டுப் போயும் என்னை விடமாட்டேன் என்கிறானே என்று திட்டினேன். அப்புறம் ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் வந்தது. நனைந்த தார் ரோட்டில் வானம் கிடந்தது, அதன்மேல் ஓடினேன். திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோயிற்று. இடது பக்கம் காலடிச் சத்தம் கேட்டது, திரும்பினால் யாரும் இல்லை, முன்னால் பார்த்தால் மறுபடி கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சத்தம் என் கூடவே வந்தது. சப்பாத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். எனக்கு வலி என்று எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை. ஒரு கனவிலிருந்து இன்னொரு கனவுக்குள் போகிற மாதிரி மைதானத்துக்குள் போனேன்.

ஒரு மணி பதின்மூன்று நிமிஷம். அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் அந்த நேரத்தை நான் தொடவில்லை.

மாத்தையாவுக்குச் சந்தோஷம். என் கையைக் குலுக்கினார். "எட்டாவது ஆள். கொழும்புக்கு வரும்போது அடையாள அட்டையைக் கொண்டு வா," என்றார். அந்தப் பெயரில் எனக்கு எங்கே அட்டை? புல்லில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு போயிற்று, அரசாங்க வேலை போயிற்று. திங்கட்கிழமை விடிந்தால் பால் வாளி.

பின்னேரம் மைக்கில் நேரத்துக்குள் வந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். எட்டாவதாக அவன் பெயர், அவன் அப்பா பெயர், எங்கள் தோட்டத்தின் பெயர். ஒரு எழுத்து பிசகாமல், கேகாலை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். ஆள் எங்கே, ஆள் எங்கே என்று எல்லாரும் தேடினார்கள். நான் எழுந்து கையைத் தூக்கினேன். கை தட்டினார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்நேரம் அவன் கடலுக்கு அந்தப் பக்கம், மண்டபம் முகாமில் அம்மாவோடு ஏதாவது வரிசையில் நின்றுகொண்டிருப்பான். அங்கே நின்றுகொண்டே இங்கே என்னை முந்திவிட்டான், பாவி.