கூழ் சாப்பாட்டில் சேராது

எங்கள் மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் துறைக்கு வரலாறு எழுதலாம் என்று தோன்றியது, ஸ்டோர் ரூமில் பழைய பாயில்ஸ் மெஷினைப் பார்த்தபோதுதான். மயக்கம் கொடுக்கும் அந்தக் கருவியின் முதுகில் யாரோ பெயின்ட்டால் ‘எடைக்குப் போடாதீர்’ என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலையே பத்துப் பக்கம் எழுதிவிட்டேன். ஈதர் காலம், முதல் வென்டிலேட்டர், வரிசையாகத் துறைத்தலைவர்கள்.

டெக்னீஷியன் செல்வி அக்கா படித்தார். "மெஷினுங்க கதை நல்லாருக்குதுங்க டாக்டரம்மா. மேசையில படுத்தவங்க ஒருத்தரயும் காணமே?"

எனக்கு மாதம்மாள் ஞாபகம் வந்தது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பறிப்பவர். இரண்டு மாதம் முன்பு பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். மயக்கம் கொடுக்கும் முன் நான்தான் கேட்டேன்.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?"

"ஒண்ணும் சாப்பிடலீங்க."

"பத்து எண்ணுறதுக்குள்ள தூங்கிடுவீங்க."

"எனக்கு எட்டு வரைக்குந்தான் வரும்" என்று சிரித்தார்.

நினைவு தப்பியதும் வாந்தி வந்தது. சக்‌ஷன் போடுவதற்குள் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. உறிஞ்சிய குழாயில் வந்தது கேழ்வரகுக் கூழ். நான்காம் நாள் ஐசியூவில் இறந்துபோனார்.

அவர் கணவர் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "காலையில தலை சுத்துதுன்னு சொன்னா, ஒரு சொம்பு கூழு குடுத்தனுங்க. சாப்பாடு குடுக்காதீங்கன்னாங்க, அதக் குடுக்கலயே. நாந்தான் கொன்னுட்டனுங்களா?"

இங்கே சாப்பிடுவது சோறு, களி. கூழைக் குடிப்பார்கள். மாதம்மாள் உண்மையைத்தான் சொன்னார். என் கேள்வியில் கூழ் இல்லை. மரணங்களுக்குக் காரணம் அலசும் டெத் ஆடிட் கூட்டத்தில் இதை ஒளிக்காமல் சொன்னேன். வராந்தாவில் நின்ற மனிதரிடம் மட்டும் சொல்லவில்லை. ஐசியூவில் கூப்பிடுகிறார்கள் என்று நழுவிவிட்டேன்.

இப்போதெல்லாம், "விடிஞ்சதுலருந்து வாயில என்னென்ன வெச்சீங்க? கூழு, டீ, தண்ணி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அதற்கு ஓர் உயிர் போகவேண்டியிருந்தது.

பெயரை மாற்றி, பதினோராம் பக்கத்தில் இதையும் எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவர் மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதினது சரிம்மா. அந்த மனுசன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல மேடம்."

"அப்போ ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது."

வரும் ஞாயிறு பாலக்கோடு பஸ் ஏறுகிறேன். நீங்கள் கொல்லவில்லை, நான் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் என்னை வாசலோடு திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் அடுத்த ஞாயிறும் போவேன்.