நோரீன் அறியாத செலவு

நோரீன் பாஸ்கோவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்து ஜீலாங்கில், ஒரு பந்தாட்டக் கிளப்பில் நடந்தது. மெல்போர்னிலிருந்து மகள் கெரின் கடையில் வாங்கிய கேக்கோடு வந்து சேர்ந்தாள். நோரீன் சும்மா இருந்திருக்கலாம்.

"கேக்கும் கடையில, காபியும் கடையில! அப்புறம் வீடு வாங்க முடியலன்னு ஒரே அழுகை. நாங்க ஒரே சம்பளத்துல வீடும் வாங்கி மூணு பிள்ளைங்களையும் வளர்க்கல?"

மேசையே சிரித்தது. கெரினும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்கிறதுல கூட மகாராணிதான்," என்றாள் நோரீனின் சிநேகிதி வால்மாய்.

நோரீன் சொன்னதில் பொய்யில்லை. கணவர் லெஸ் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சம்பளத்தில் பெரும்பங்கு கறிக்கடைக்கும் மளிகைக்கும் போகும். பிள்ளைகளுக்கு ஷூ வாங்கும் மாதம் விழி பிதுங்கும். வீட்டுக் கடன் மட்டும் பெரிய பாரமாக இருந்ததில்லை. அதனால்தான் பேத்திகளின் விதவிதமான ஷூக்களையும் சுவரை அடைத்த டிவியையும் பார்க்கும்போதெல்லாம், மகள் காசை வாரி இறைக்கிறாள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் முட்டி அறுவை சிகிச்சை முடிந்து மகளுடைய வாடகை வீட்டில் தங்கினாள். பேத்திகள் கோட்டைக் கழற்றாமலே வீட்டுப்பாடம் எழுதினார்கள். ஹீட்டரைப் போடச் சொன்னால், "கரண்டு பில் ஏறும் பாட்டி," என்றாள் சின்னவள்.

இரவு ஆட்டுக்கறி சமைத்தார்கள். கெரின் ஒரு துண்டை வாயில் போட்டதும் முகம் சுளித்தாள். மிச்சத்தைப் பிள்ளைகள் தட்டில் வைத்தாள். அவர்கள் எழுந்து போனபின் நோரீன் விடவில்லை.

"வாயைத் திற பாக்கலாம்."

முன்பல் ஒன்று பாதி உடைந்து கறுத்திருந்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"டாக்டர்கிட்ட போறதுக்கென்ன?"

"எந்தச் செலவ நிறுத்திட்டுப் போறது? பாதிச் சம்பளம் வாடகைக்கே போகுது. மிச்சம் கரண்டு, இன்சூரன்ஸ், நான் வேலையில இருக்கிறப்போ பிள்ளைங்களப் பாத்துக்கிற இடம். ஷூவும் டிவியும் இப்ப மலிவும்மா. மலிவா கிடைக்கிறதத்தான் எங்களால வாங்க முடியுது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"எங்க, அத்தனை பேர் முன்னாடியா?"

நோரீனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த மூடிய வாயைப் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரித்தவள் அவள்.

பல்லுக்கு அவளே பணம் கொடுத்தாள். நாலு நாள் மறுத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்காமலே கெரின் வாங்கிக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாத," என்றாள்.

ஊர் திரும்பியதும் நோரீன் கிளப்புக்குப் போனாள். அதே மேசை, அதே ஆட்கள்.

"மகாராணி வீட்டுல தினமும் கடைச் சாப்பாடுதானா?" என்றாள் வால்மாய்.

"அன்னைக்கு கெரினப் பத்தி நான் பேசினது தப்பு."

"ஏன்? என்ன ஆச்சு?"

நோரீனால் காரணம் சொல்ல முடியவில்லை. "தப்புதான்," என்றாள் மறுபடியும்.

"முட்டிக்குக் குடுத்த மயக்க மருந்து இன்னும் இறங்கல போல!" என்றாள் வால்மாய்.

எல்லோரும் சிரித்தார்கள். நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் வரை சுட்டது.