முந்தானையில் மிஞ்சிய கல்

"பன்னெண்டு" என்கிற பேரை நான் முதலில் கேட்டது என் தங்கையின் கல்யாணப் பேச்சில். மாப்பிள்ளை கல்குவாரியில் வெடி வைக்கிறவர். "எல்லாரும் பன்னெண்டுன்னுதான் கூப்பிடுவாங்க" என்றார் தரகர். "இதுக்கு முன்னால பதினோரு பொண்ணு பார்த்தாராக்கும்" என்று சிரித்தேன்.

விஷயம் வேறு. பாறையில் பன்னிரண்டு குழி போட்டுத் திரி கொளுத்தினால் ஒவ்வொன்றாக வெடிக்கும். அவர் எண்ணுவார். "பன்னெண்டு" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் ஆட்கள் உள்ளே இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் வெடிக்காத மருந்து உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம்.

காதுமூடி, ஹெல்மெட் எதையும் கழற்றமாட்டார். "அப்புறம் எப்படி எண்ணுவீங்க?" என்றேன்.

"நெஞ்சுல வந்து இடிக்கும்க்கா. கிட்ட நின்னா தப்பாது."

அப்படியே இருபத்திரண்டு வருஷம் கிட்ட நின்றார். பிறகு தலைவலி, காரணமில்லாத கோபம், பெண்டாட்டி பேரே வாயில் வராது. காது நன்றாயிருக்கிறது என்றார்கள். தலையைப் படம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான், "காதுமூடி சத்தத்தைத்தான் தடுக்கும். நெஞ்சுல இடிச்சது மூளையையும் இடிச்சிருக்கும். சின்னச் சின்னதா, ஆயிரக்கணக்குல. இனிமே ஒண்ணுகூட வேண்டாம்" என்றார்.

"வெளிய சொன்னே, என் பொணத்தைத்தான் பார்ப்பே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

அவள் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் வேலியோரம் நின்று தானும் எண்ணினாள். முந்தானையில் பன்னிரண்டு கூழாங்கல், வெடிக்கு ஒன்றாகக் கீழே போடுவாள். மூன்று மாதம் எதுவும் மிஞ்சவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் "பன்னெண்டு" என்றார். முந்தானையில் ஒரு கல் இருந்தது. ஆட்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள், முதல் ஆள் எங்கள் சித்தப்பா மகன். சொன்னால் புருஷன் பேர் போகும். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான். ஓடிப்போய் வழியில் குறுக்கே படுத்துவிட்டாள்.

"என்னக்கா, தலகாணி கொண்டாரவா?" என்றான் அவன்.

"ஒண்ணு வெடிக்கலடா. போறதுன்னா என்னை மிதிச்சுட்டுப் போ."

அரை மணி காத்திருந்து தேடினார்கள். ஒன்பதாவது குழியில் மருந்து அப்படியே இருந்தது.

"பன்னெண்டும் நெஞ்சுல வந்துச்சே" என்றார் அவர். காதுமூடியைக் கழற்றித் தங்கை கையில் கொடுத்தார்.

இப்போது அவர் வீட்டுப் பின்னறையிலேயே இருக்கிறார். கதவு அடித்தால் "ஒண்ணு" என்று ஆரம்பிப்பதால் தங்கை கதவு விளிம்பில் துணி சுற்றி வைத்திருக்கிறாள். என்னை அக்கா என்கிறார். அவளை யாரென்று கேட்கிறார்.