ஒற்றை சீட்டு வண்டி

வீட்டில் வைத்த பெயரை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் முகத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாருக்கும் அவன் பம்பர். எங்கே முட்டினாலும் பல்தான் முதலில் முட்டும், மூஞ்சிக்குச் சேதாரமில்லை என்பது கூட்டாளிகளின் கணக்கு. பம்பரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபப்பட்டால் பல் இன்னும் நன்றாகத் தெரியும்.

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவன் வெல்டர். வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கும் வண்டிக்கு விலா வைத்து, தகரம் போர்த்தி, பிடித்துக்கொள்ளக் கம்பி மாட்டி, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி அனுப்பிவைப்பார்கள். ஊரான் வண்டிக்கெல்லாம் இத்தனை சிங்காரம் செய்கிறவன் தன் காரை மட்டும் நாளுக்கு நாள் உரித்துக்கொண்டே வந்தான்.

கார் என்றால் பழைய கார். சதுர லைட்டு, பெட்டி மாதிரி உடம்பு, இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். ஒரு குடோனுக்குப் பின்னால் கொடி படர்ந்து கிடந்ததைப் பார்த்துப் பேசி முடித்தான். இழுத்துவரப் போன அன்று உள்ளே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கூட்டாளிகள் விரட்டச் சொன்னார்கள். பார்ட்டி காலி பண்ணட்டும், வாடகையா கேட்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, குட்டிகள் நடக்கும்வரை தினமும் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுப் போனான்.

காசு இருக்கிறவன் இன்ஜினைப் பெரிதாக்குவான், இல்லாதவன் எடையைக் குறைப்பான். பம்பர் இரண்டாவது சாதி. பின்சீட்டைக் கழற்றினான். கால்மிதி, கதவு அட்டை, ஏசி எல்லாம் போயிற்று. கடைசியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டையும் கழற்றி எறிந்தான். அடுத்து டிரைவரையும் கழற்றிவிட்டால் ராக்கெட்தான் என்றார்கள் கூட்டாளிகள். கவிழ்ந்தால் கூரை நசுங்காமலிருக்கப் பட்டறையில் மிச்சமாகும் பஸ் கைப்பிடிக் குழாயை வளைத்து உள்ளே கூண்டு கட்டினான்.

பிறகு டிஃபரன்ஷியல். திருப்பத்தில் பின்சக்கரம் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுகிற பல்சக்கரப் பெட்டி அது. அதைத் திறந்து உள்ளே வெல்டு வைத்து ஒரே கட்டியாக்கிவிட்டான். இனி இரண்டு சக்கரமும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, ஒன்று போகிற வேகத்தில்தான் மற்றதும் போகணும் என்று பெருமையடித்தான். திரும்பும்போது இரண்டும் சண்டை போட்டு, தார் ரோட்டைப் பிறாண்டி, வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூடிக்கிடந்த மில் வளாகத்தில் அப்படி வழுக்கி, புகைக்குள்ளிருந்து பல்லோடு வெளியே வருவதற்குத்தான் இத்தனை பாடும்.

போதாததற்குப் பின்னால் சிவப்பாக ஒரு இழுவை வளையம். பந்தய வண்டியில் அது அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்ந்திருக்கும், வண்டி பள்ளத்தில் விழுந்தால் கட்டி இழுப்பதற்கு. பம்பர் அதைப் பின்பக்க ஃபைபர் தகட்டில் சின்ன போல்ட்டு வைத்து முடுக்கியிருந்தான். சேஸிஸில் வெல்டு வைத்தால் புதுப் பெயிண்ட் கருகிவிடுமே. வளையம் அழகுக்குத்தான், யார் இழுக்கப்போகிறார்கள்?

வண்டியில் நல்ல சாமான் என்று எதைத் தொட்டாலும் அது அக்கா புருஷன் கொடுத்தது. அவர் ரெக்கவரி லாரி வைத்திருந்தார். ரோட்டில் நசுங்கிய வண்டிகளைத் தூக்கிவருவது தொழில், ரெக்கவரி என்றே பெயரும் ஆகிவிட்டது. தூக்கிய இடத்திலிருந்து இறக்கும் இடத்துக்குள் வண்டியில் ஏதாவது ஒன்று குறையும். குறைந்தது பம்பரிடம் வரும். கியர்பாக்ஸ் அப்படி வந்தது. ஸ்டீயரிங் வந்தபோது அதில் யாருடைய ரத்தமோ காய்ந்திருந்தது. பெட்ரோல் நனைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

ரெக்கவரி அடிப்பார். ரோட்டில் அடிப்பார், கடையில் அடிப்பார், அதெல்லாம் எப்போதாவது. வீட்டில் அக்காவை அடிப்பதுதான் வாடிக்கை. அடித்த மறுநாள் சாக்கில் எதையாவது சுற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நிற்பார். சும்மா கிடந்தது மச்சான், உனக்கு ஆகுமேன்னு எடுத்து வந்தேன் என்பார். சாக்கைப் பிரிக்கும்போதே பம்பருக்குத் தெரியும். சாமான் பெரிதாக இருந்தால் அடியும் பெரிது. அன்று சாயங்காலம் அக்காவைப் போய்ப் பார்ப்பான். என்னக்கா ஆச்சு என்று கேட்பான். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பாள். அந்த வீட்டு பாத்ரூம் அவன் காரைவிட அதிகமாக வழுக்கியது. கேட்டாயிற்று என்ற நிம்மதியோடு திரும்பிவந்து இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்துக்கொள்வான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அக்கா மகள். பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகுகிறது.

"மாமா, அம்மாவை எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குது."

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலேயே பம்பர் வண்டியை எடுத்தான்.

வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. டிவி முழுச் சத்தத்தில் ஓடியது. ரெக்கவரி கட்டிலில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறைத் தரையில் சுவரோடு சுவராகக் கிடந்தாள். காதிலிருந்து கழுத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. இடது கை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தாள், புடவையை இழுத்துவிட்டுக்கொள்ளப் பார்த்தாள். தையல் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்டாளாம். அவ்வளவுதான் குற்றம்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான் பம்பர். ரெக்கவரி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுலடா மச்சான் கூட்டிட்டுப் போவ? ஒத்த சீட்டுலயா? மடியில வெச்சு ஓட்டப்போறியா?"

கேள்வி சரியான கேள்விதான். பம்பர் குனிந்து அக்காவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தான். அப்போதுதான் ரெக்கவரி எழுந்தார்.

முதல் அடி பின்கழுத்தில். அடுத்ததற்கு முன் தலைமுடியைப் பிடித்துத் திருப்பி, நிலைக்கதவில் முகத்தைக் கொண்டுபோய் இடித்தார். கூட்டாளிகள் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது. பல்தான் முதலில் முட்டியது. ஒன்று உடைந்து நாக்கில் உருண்டது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார், நிதானமாக, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. குழந்தை கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் அழுதது. சத்தம் போடாமல் அழ அந்த வீட்டில் பழக்கியிருந்தார்கள். மிதியைவிட அதுதான் பம்பருக்கு வலித்தது. கைக்கு எட்டியது இஸ்திரிப் பெட்டி. அதன் வயரைப் பிடித்துச் சுழற்றி ரெக்கவரியின் முழங்காலில் விட்டான். ஏதோ உடையும் சத்தம். ஆள் சாய்ந்தார்.

அக்காவைத் தூக்கி, குழந்தையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான். கார்க் கதவைத் திறந்ததும் அக்கா ஒரு நொடி நின்றாள். எங்கே உட்காருவது என்று அவளுக்குப் புரியவில்லை. சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரமும் நாலைந்து போல்ட்டுத் தலையும்தான். பம்பர் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டான். அக்கா தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கி, நல்ல கையால் கூண்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டாள், பஸ்ஸில் நிற்கிறவள் மாதிரி.

வண்டி உடனே கிளம்புகிற ஜாதியில்லை. அது இருமிக்கொண்டிருந்தபோதே ரெக்கவரி நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். காருக்குப் பின்னால்தான் லாரி நின்றது. இரும்புக் கயிற்றை உருவிவந்து சிவப்பு வளையத்தில் கொக்கியை மாட்டினார்.

"வண்டில இருக்கிறதெல்லாம் நான் குடுத்ததுடா. என் சாமான நான் எடுத்துக்கிறேன்."

லாரியின் கப்பி உறுமியது. கார் பின்னால் நகர்ந்தது. இன்ஜின் அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொள்ள, பம்பர் முதல் கியரில் காலை அழுத்தினான். சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றி, தெருவே புகையில் மறைந்தது. எத்தனையோ வண்டியைத் தூக்கிய மனுஷன். ஆனால் வெல்டர் வைத்த வளையம் வெல்டு வைத்ததாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். போல்ட்டு பிய்ந்தது. பின்தகடு மொத்தமும் வளையத்தோடு எகிறி, கயிற்றோடு பாய்ந்து, லாரிக் கண்ணாடியைப் பொடியாக்கியது. ஒரு சில்லு ரெக்கவரியின் நெற்றியைக் கிழித்தது. பம்பர் தெருமுனையைத் தாண்டியபோது, நெற்றி ரத்தத்தைத் துடைத்தபடி அவர் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்.

வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம். அங்கிருந்து பஸ் ஏறினால் சித்தி வீடு. சித்தப்பா போலீஸில் இருந்தவர், ரெக்கவரி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும்.

ஒவ்வொரு பள்ளத்திலும் அக்காவின் முதுகு தகரத்தில் மோதியது. பின்னால் லாரி வந்து ஒருமுறை இடித்தது. பின்கண்ணாடி கொட்டியது. அக்கா குழந்தையின் தலையைத் தன் கழுத்துக்குள் அமுக்கிக்கொண்டாள். பிறகு கியர்க்கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இந்த கியர்பாக்ஸ் வந்தப்ப என் மணிக்கட்டு. ஸ்டீயரிங் வந்தப்ப காது. உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டியா?"

"ஆமா."

நீ சிரிக்கிறதே அந்த மூட்டையப் பிரிக்கும்போதுதான்னு அவர் சொல்லுவாரு, அதனாலதான் நானும் வாயத் திறக்கல என்று குழந்தையின் தலைமுடிக்குள் சொன்னாள். பிறகு, "சரி, ரோட்டப் பாரு" என்றாள்.

பாலம் ஒரு வண்டி போகிற அகலம். நடுப்பாலத்தில் பம்பர் ஸ்டீயரிங்கை வெட்டிக் கைப்பிரேக்கைச் சுண்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகள் விசிலடிக்கிற அதே வழுக்கல். கார் வாலைச் சுழற்றி, மூக்கு ஒரு கைப்பிடிச் சுவரிலும் பின்பக்கம் மறுசுவரிலும் இடித்து, பாலத்துக்கு அளவெடுத்துச் செய்த தாழ்ப்பாள் மாதிரி குறுக்கே நின்றது. பஸ் நிலையப் பக்கத்துக் கதவைத் திறந்து அக்காவையும் குழந்தையையும் இறக்கினான். நடக்காதே, ஓடு என்றான். அவள் அவன் வாயைப் பார்த்தாள், முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு ஓடினாள்.

கியரைப் போட்டபடி விட்டுவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு விலகுவதற்குள் லாரி வந்து இடித்தது. கதவும் கூரையும் உள்ளே போயின. ரெக்கவரி மறுபடி பின்வாங்கி மறுபடி இடித்தார். வெல்டு வைத்த சக்கரம் இரண்டும் கல்லாகப் பிடித்துக்கொண்டன. கார் மடங்கியதே தவிர வழிவிடவில்லை. லாரியின் ரேடியேட்டர்தான் வெடித்து ஆவி கக்கியது.

ரெக்கவரி இரும்பு ராடோடு இறங்கினார். பானட்டில் ஏறித் தாண்டப் பார்த்தார். பம்பர் காலைப் பிடித்து இழுத்தான். ராடு தோளில் விழுந்தது, கை செத்துத் தொங்கியது. அடுத்தது இடுப்பில். தரையில் கிடந்தபடி பம்பர் அந்தப் பக்கம் பார்த்தான். அக்கா பஸ் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். டிரைவர் இன்னும் கீழே நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றான் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு. "உங்க சாமான எடுத்துக்கணும்னீங்களே. லைட்டு உங்களோடதுதான்."

ரெக்கவரி திரும்பினார். கண்ணில் ரத்தம் ஒழுகி எது எங்கே என்று தெரியாத வெறி. ராடு லைட்டில் இறங்கியது.

"அந்த லைட்டும்தான்."

அதுவும் போனது. கண்ணாடி உங்களது, கதவு உங்களது என்று பம்பர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தான். ராத்திரியெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கிய பானட்டில் ராடு விழும்போது பல் கூசியது, இல்லாத பல்லும் சேர்ந்து கூசியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. இண்டிகேட்டர விட்டுட்டீங்க மாமா என்றான். ஸ்டீயரிங் உள்ளே இருக்கு, எட்டிப் பிடிங்க என்றான். அந்த மனுஷன் அக்காவை அடிக்கிற அதே முறையில், மூச்சு வாங்கியபடி, பல்லைக் கடித்தபடி, ஒரு காரை அடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. நகர்ந்தது. திரும்பியது. மறைந்தது.

பம்பர் வாயை மூடிக்கொண்டான். எடுத்துக்கொடுக்கிற குரல் நின்றதால்தானோ என்னவோ ரெக்கவரிக்கு அவன் நினைவு வந்தது. ராடை அவன் பக்கம் திருப்பினார். இரண்டு அடி விழுந்தது. அதற்குள் பாலத்தில் தேங்கி நின்ற வண்டிக்காரர்கள், இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தவர்கள், ஒருவழியாக இறங்கிவந்து அவரைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தார்கள். ஒருவர் போலீஸுக்குப் போன் போட்டார். இன்னொருவர், யாருப்பா இந்த வண்டிய ஓரம் கட்டுறது என்று சலித்துக்கொண்டார்.

பையில் போன் அடித்தது. செத்த கையை விட்டு மற்ற கையால் எடுத்தான். பஸ் இரைச்சலுக்குள் அக்கா. உட்கார சீட்டு கிடைத்ததாம், குழந்தை தூங்கிவிட்டதாம். நீ எங்கடா இருக்கே, அடி பலமா என்று கேட்டாள். இல்லைக்கா, பல்லுதான் என்றான். அவள் நம்பவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

"வண்டி?"

பம்பர் தலையைத் திருப்பிப் பார்த்தான். கார் என்று அடையாளம் சொல்ல அந்தக் குழாய்க் கூண்டு மட்டும்தான் மிச்சமிருந்தது. குறுக்கே, சுவருக்குச் சுவர்.

"நிக்குதுக்கா" என்றான். "எத்தனை இடிச்சும் நகரவே இல்ல."