ஓரம் வெட்டிய படம்

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் அவளைக் கேமராக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் அங்கேயே ஆயா வேலை பார்த்தவள். படுக்கையில் கிடந்தவர்களைத் தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு, மேனேஜர் பெரிய மனசு பண்ணி அவளைக் கேமரா அறைக்கு மாற்றினார். "உட்கார்ந்த இடத்துல சம்பளம், குடுத்து வச்சவ," என்று மற்ற ஆயாக்கள் பொருமினார்கள்.

கொடுத்து வைத்த லட்சணம் அவளுக்குத்தான் தெரியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, அதை அறை என்பது ஒரு மரியாதைக்கு. ஜன்னல் கிடையாது. யாராவது மாடி ஏறினால் உச்சந்தலையில் நடப்பது போலத் தடதடக்கும். ஒரு நாற்காலி, ஒரு போன், சுவரில் ஒரு டிவி. வாசல், கூடம், சமையல்கட்டு, பின்பக்க நடைபாதை என்று நான்கு கேமராக்களின் படமும் நான்கு கட்டங்களாக அதில் ஓடும். வயதானவர்கள் யாராவது தடுமாறி விழுந்தாலோ, தனியாக வெளியே கிளம்பினாலோ உடனே போன் பண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. வீட்டில் கணவர் முதுகு பிடித்துப் போய் வேலைக்குப் போகாமல் கிடந்தார், மகள் படித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் சாமி என்று கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வர வழியில்லை.

அந்த டிவி முன்பு கூடத்தில் இருந்தது. கூடத்துக்குப் புதுசு வந்ததும் இதைக் கழற்றி இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். நல்ல அகலமான எச்.டி. டிவி, படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரே ஒரு குறை: மேல் ஓரத்தில் ஓடும் நேரம் தலை வெட்டுப்பட்டுப் பாதிதான் தெரிந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"கையில வாட்ச் கட்டியிருக்கல்ல? அதுல பாரு," என்றார் அவர். ரிமோட்டை அவர் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார். கொடுத்தால் அவள் சீரியல் பார்த்துவிடுவாளாம்.

இல்லத்தில் டிரைவர் ஐயா என்று ஒருவர் இருந்தார். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர். இப்போது நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் டீ கொடுக்கப் போன ஆயா, அவர் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். குளியலறை, மொட்டை மாடி, மருந்து அறை எல்லாம் தேடி ஆள் இல்லை. கடைசியில் பஸ் நிலையத்திலிருந்து ஒரு கண்டக்டர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "வளைவுல ஸ்டியரிங்கை மெதுவா ஒடிங்க தம்பி," என்று டிரைவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். ஐயாவுக்கு ஒரு கீறல் இல்லை. முகத்தில் அப்படி ஒரு களை.

மறுநாள் மேனேஜர் கேமராக்காவை அறைக்குக் கூப்பிட்டுத் தன் கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டார். பின்பக்க நடைபாதையில் சுவரை ஒட்டி டிரைவர் ஐயா சாவகாசமாக நடந்து வருகிறார். பக்கவாட்டுக் கேட்டருகே நிற்கிறார். சட்டைக் காலரைச் சரி பண்ணுகிறார். தாழ்ப்பாளை விலக்கிவிட்டு வெளியே போகிறார்.

"மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போறாரு. நீ எங்கம்மா பார்த்துக்கிட்டு இருந்தே?"

"சார், நான் அங்கதான் சார் இருந்தேன். கண்ணை எடுக்கல."

"அப்ப இது யாரு, என் தாத்தாவா?"

அவள் குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள். தூங்கவில்லை என்பது நிச்சயம். ஆனால் படம் கண் முன்னால் ஓடுகிறதே! இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டோடு இருந்துகொள் என்றார் மேனேஜர். இனிமேல் நாற்காலியை விட்டு எழக் கூடாது. பாத்ரூம் போவதானாலும் மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான்.

அன்றிலிருந்து அவள் கண்ணைச் சிமிட்டவே பயந்தாள். வீட்டில் சாப்பிடும்போதும் சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தட்டு எங்கயும் ஓடிப் போயிடாது, கொஞ்சம் கண்ணை மூடித் திற," என்று மகள் கேலி பண்ணினாள். கணவர் சொன்னதைக் கேட்டுக் கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார். கோளாறு கண்ணில் இல்லையென்றால் புத்தியிலா? மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து தனக்கே ஏதோ ஆகிவிட்டதா?

தாங்க முடியாமல் ஒருநாள், தன்னோடு வேலைக்குச் சேர்ந்த ஆயாவைக் கூப்பிட்டாள். அவளுக்கு வாய் மூடாது. அதனால் ரேடியோ என்று பெயர். "நீ போய் அந்தப் பக்கவாட்டுக் கேட்டுகிட்ட நில்லுடி. எனக்குத் தெரியுதான்னு பார்க்கணும்."

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"நின்னுட்டேன்," என்றாள் ரேடியோ.

"எங்க? காணோமே."

"கேட்டு மேல சாஞ்சுக்கிட்டு நிக்கிறேன்டி. கையை வேற ஆட்டுறேன்."

நடைபாதைதான் தெரிந்தது. ஒரு ஈ காக்காய் இல்லை.

"ஒரு எட்டு இந்தப் பக்கம் வா."

படத்தின் ஓரத்திலிருந்து முதலில் ஐந்து விரல் வந்தது. அப்புறம் தோள். அப்புறம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ரேடியோவின் முகம். கேமராக்கா போனை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "என்னடி ஆச்சு? என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று ரேடியோ போனுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் தானே வந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நம்பினார். கேமரா மெக்கானிக் வந்தார். ஒரு பார்வையிலேயே அவருக்கு விஷயம் புரிந்தது.

"பழைய டப்பா டிவியில ஓரமெல்லாம் கோணல்மாணலா வரும் சார். அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, சுத்தி ஓரத்தை வெட்டிடுவாங்க. அந்தப் பழக்கம் இந்த டிவியிலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. சினிமா பார்க்கறவங்களுக்கு ஒரு நஷ்டமும் தெரியாது. இங்க ஒரு ஆள் நடக்கிற அகலம் போயிருக்கு. பதிவுல முழுசா இருக்கும், டிவியிலதான் வராது."

ரிமோட்டை வாங்கி, பட அளவு என்ற இடத்துக்குப் போய் எதையோ மாற்றினார். நான்கு கட்டங்களும் லேசாக உள்ளே சுருங்கின. நேரத்துக்குத் தலை முளைத்தது. பக்கவாட்டுக் கேட் தாழ்ப்பாளோடு வந்து நின்றது.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார் மேனேஜர்.

அவள் தன் கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டாள். எழுந்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை அவர் தளர்த்தவில்லை. ரிமோட்டும் டிராயருக்கே திரும்பிப் போனது. கேட்டுக்கு மட்டும் பெரிய பூட்டு ஒன்று வந்தது.

பூட்டு வந்தால் என்ன? டிரைவர் ஐயா தினமும் மத்தியானம் அங்கே வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டருகே யார் நின்றாலும் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அவள் போன் பண்ணுவாள். ரேடியோ ஓடிப்போய் அவரை அழைத்துவருவாள். தன் கண்ணில் குறையில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவரைத் திரும்பத் திரும்பப் பிடித்துக் கொடுப்பதே வேலையாயிற்று.

ஒருநாள் ஐயாவே அவள் அறைவாசலில் வந்து நின்றார்.

"நீதான் போன் போட்டுச் சொல்றியாமே?"

"ஆமாங்கய்யா. சொல்லலைன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"நான் எங்கயும் போகலம்மா. அங்க நின்னா மெயின் ரோட்டுல பஸ் போறது தெரியும்." குனிந்து அறையை ஒருமுறை பார்த்தார். "இதுக்குள்ள எப்படிம்மா மூச்சு விடுற?"

அவள் பதில் சொல்வதற்குள் ரேடியோ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவர் கேட்டுக்கு வந்ததும் அவள் போனில் கை வைத்தாள், எடுக்கவில்லை. ஐயாவின் தலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பியது. ஒரு பஸ் போயிருக்கும். மறுபடியும் திரும்பியது. மேலே யாரோ படியேறும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அவளுக்குத் தைரியம் வரவில்லை. எண்ணை அழுத்தினாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறாரு?" என்று கேட்டாள் ரேடியோ.

"இப்பதான் பார்த்தேன்," என்றாள் கேமராக்கா.