வத்தல்மலையில் வாயை மூடிக்கொண்டு ஒரு காலை

என் சகலை சென்னப்பன் பாப்பாரப்பட்டியில் கணக்கு ஆசிரியர். ஒரே பார்வையில் வகுப்பை அடக்கிவிடுவார். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற பறவையிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தார். பாறைக் குன்றுகளை விட்டு அதிகம் நகராத, தென்னிந்தியாவுக்கே உரிய பறவை அது. அதைத் தேடி வத்தல்மலைக்கு இரண்டு முறை போனார். முதல் முறை மழை கெடுத்தது. இரண்டாம் முறை நான். பாறை மேல் ஏதோ அசைந்த நேரம் பார்த்து, மாமனார் வீட்டு நிலத் தகராறு பற்றி முக்கியமான தகவல் ஒன்றை ஆரம்பித்துவிட்டேன்.

இந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த அடுத்த ஞாயிறு, மூன்றாம் முறை. ஸ்பீக்கரில் வைத்திருந்த போனில் நிபந்தனை வந்தது.

"வாங்க சகல. ஆனா மலையேறுனா நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. இந்தத் தடவையும் பாக்கலைன்னா பைனாகுலரை வித்துட்டு வூட்ல டிவி பாக்கப் போறேன்."

"இவரா?" என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி. "தாலி கட்டறப்பவே ஐயரு கிட்ட ஊர்க்கதை கேட்டுட்டு இருந்தவருங்க."

தருமபுரியிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். மலை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். போகவர வாடகைக் கார், காத்திருப்பும் சேர்த்து 1,800 ரூபாய். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு வாயை மூடினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே ஓட்டுநர் மாதேஷுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சார் ஏன் பேசவே மாட்டேங்கறாரு? ஒடம்பு சரியில்லீங்களா?"

"வேண்டுதல்," என்றார் சகலை.

"யாரு வேண்டுனதுங்க?"

"நானு."

மேலே போகும் முன்பே, பாறைச் சரிவு தெரியும் ஒரு வளைவில் இறங்கினோம். மணி ஆறேகால். முறுக்கு சத்தம் போடும் என்று தடை. வறுத்த வேர்க்கடலைக்கு அனுமதி. எங்கும் காணக்கிடைக்கும் செம்மீசைச் சின்னான்கள் கூட்டமாக வந்தன. எங்கோ மயில் அகவியது. ஒரு குரங்கு என் கடலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, கடலையைத் தேர்ந்தெடுத்தது. பாதிப் பொட்டலம் போனது. அப்போதும் நான் பேசவில்லை. ஏழரைக்குச் சகலை பைனாகுலரை மடியில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். முகத்தில் டிவி தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்துப் பாறையில் அது வந்து உட்கார்ந்தது. சாம்பல் உடல், தொண்டையில் மஞ்சள்.

கண்ணைக் காட்டினேன். சகலை தலையைத் திருப்பிக்கொண்டார். விரலை நீட்டினேன். ஒன்றுக்குப் போகக் கேட்கிறேன் என்று நினைத்து, ரோட்டோரம் கையைக் காட்டினார். கத்தினால் பறவை போய்விடும். கத்தாவிட்டால் பைனாகுலர் போய்விடும். ஒரு கடலையை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலையின் முதுகில் படும்படி மெதுவாக எறிந்தேன்.

அவர் முறைத்தபடி, யார் எறிந்தது என்பதுபோல் பின்னால் திரும்பினார். திரும்பியவர் அப்படியே இருந்துவிட்டார்.

பறவை பறக்கவில்லை. அதன் அலகில் ஒரு நீளமான நார். எங்களைக் கொஞ்சநேரம் எடைபோட்டுவிட்டுச் சரிவுக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் இன்னொரு நாருடன் திரும்பி வந்தது. துணையும் வந்தது.

"கூடு கட்டுதுங்க சகல," என்றார், குரலே இல்லாமல். நான் தலையாட்டினேன். "அட பேசுங்க. பேசலாம்னு சொல்றேன்."

காரில் ஏறியதும், போன முறை பாதியில் நின்ற நிலத் தகராறை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். அடிவாரம் வரை சகலை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மாதேஷ்தான் கண்ணாடியில் பார்த்து, "வேண்டுதல் பலிச்சுடுச்சுங்களா?" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: விடியும்போதே மலையில் இருங்கள். ரோட்டோரம் நின்று பார்த்தாலே போதும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். வளைவுகள் இருபதுக்கு மேல், வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். எறிந்த கடலையைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள், நாங்கள் பொறுக்கினோம். தேசியப் பூங்கா என்ற பலகையோ ஜீப் சவாரியோ இல்லாத மலையில்தான் இவ்வளவும் நடக்கிறது என்பது எனக்கு இன்னும் தெம்பாக இருக்கிறது.

எந்த வளைவு என்று மட்டும் கேட்காதீர்கள். குஞ்சுகள் பறக்கும்வரை சொல்வதாக இல்லை. என் மனைவி இதை நம்பவில்லை. எனக்கே வியப்பாகத்தான் இருக்கிறது.